பெண் வேடத்துக்கான கோப்பை

ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். அறுபதுகளின் நடுவில், பம்பாய் மாதுங்காவில் நடந்த தமிழ் நாடகப் போட்டியில் எனக்குச் சிறந்த நடிகை கோப்பை கிடைத்த கதை அந்த ஒரு வரியில் அடங்கிவிடும். போட்டிக்கு வந்த அத்தனை நாடகங்களிலும் மேடையேறிய பெண் நான் ஒருத்திதான். ஒற்றை ஆள் ஓடிய பந்தயத்தில் முதலாவதாக வந்தேன். அதிலும் தடுக்கி விழுந்து, எழுந்து வந்தேன்.

நான் நடிகையும் இல்லை, ஒன்றும் இல்லை. கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். என் கணவரும் அவருடைய ஆபீஸ் சிநேகிதர்களும் சேர்ந்து ஒரு நாடகக் குழு வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை என்ற பெயரில் எங்கள் வீட்டு ஹாலில் கூடி, என் ஃபில்டரில் இருக்கிற டிகாக்ஷனை எல்லாம் காலி செய்துவிட்டுப் போவார்கள். வருஷா வருஷம் அவர்களுக்குக் கதாநாயகி ஆடிட் ஆபீஸில் வேலை பார்த்த ஒல்லியான மனிதர் ஒருவர். மனிதருக்குப் புடவை அப்படிப் பொருந்தும். அந்த வருஷம் அவரை நாகபுரிக்கு மாற்றிவிட்டார்கள். குழுவை நடத்திய பாங்க் ஆபீசர் தலையில் கை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, நான் வாசலில் வடக்கத்திப் பால்கார பையாவைத் தண்ணீர் கலந்ததற்காகப் பாதி ஹிந்தியிலும் பாதி தமிழிலும் விளாசிக்கொண்டிருந்தேன்.

"இவாளே நடிக்கட்டுமே! என்ன குரல், என்ன முகபாவம்!" என்றார் அவர்.

என் கணவர் என்னைக் கேட்காமலேயே, "அதுக்கென்ன, பேஷா நடிப்பா" என்று சொல்லிவிட்டார். வேண்டாம் என்று நான் சொன்னேன்தான். ஆனால் சொன்ன குரலில் அவ்வளவு அழுத்தம் இல்லை. மேடையில் நிற்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் உள்ளுக்குள் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்.

கோப்பையைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். செம்பூரில் ஒரு பெரிய மனுஷி தன் அம்மாவின் நினைவாக வருஷா வருஷம் அதைக் கொடுத்துவந்தாள். அதற்குப் பெயர் 'சிறந்த பெண் வேடம்'. பம்பாயில் எந்தத் தமிழ்க் குழுவிலும் பெண்கள் நடிக்கவில்லை. ஆண்கள்தான் புடவை கட்டிக்கொண்டு வந்தார்கள். ஆகவே அதை வாங்கியவர்கள் எல்லாரும் ஆண்களே. குடும்பப் பெண் ஒருத்தி இந்தத் தடவை துணிந்து மேடையேறுகிறாள் என்று கேள்விப்பட்டதும் அந்த அம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. "இனிமே இந்தக் கப்பு பொம்மனாட்டிக்குத்தான். ஆம்பிளைக்குக் கொடுத்ததெல்லாம் போறும்" என்று கமிட்டியிடம் சொல்லி, பெயரைச் 'சிறந்த நடிகை' என்று மாற்றி, கோப்பையில் எழுத்தும் பொறித்து அனுப்பிவிட்டாள். கமிட்டியில் எல்லாரும் முற்போக்கு என்று கைதட்டினார்களாம். மற்றக் குழுக்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

எங்கள் நாடகம் சனிக்கிழமை. கணவன் சந்தேகப்படுகிற உத்தமி நான். முதல் காட்சி ஒருவிதமாக நகர்ந்தது. இரண்டாவது காட்சியில், விளக்கு வெளிச்சம் கண்ணில் பட்டதோ என்னவோ, நான்காவது காட்சியில் சொல்ல வேண்டிய வசனத்தை எடுத்துவிட்டுவிட்டேன். என்னைச் சந்தேகப்படவே இன்னும் ஆரம்பிக்காத கணவனிடம், "என் கற்பின் மேல் ஆணை, இனி இந்த வீட்டில் இருக்க மாட்டேன்" என்றேன். கணவனாக நடித்த பாங்க் ஆபீசருக்கு வேர்த்துக் கொட்டியது. சைடு படுதாவுக்குப் பின்னால் இருந்து பிராம்ப்டர் கத்திய கத்தலில் வசனம் எனக்குக் கேட்பதற்கு முன்னால் கடைசி வரிசைக்குக் கேட்டது. "மாமி, அவர் சொல்றதைத் திருப்பிச் சொன்னாலே போறும்!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. நடுவில் இரண்டு காட்சிகள் எங்கே போயின என்று தெரியாமலேயே நாடகம் முடிந்தது. சீக்கிரம் முடிந்ததால் செம்பூர்க்காரர்களுக்கு முந்தின பஸ் கிடைத்தது. அந்த மட்டில் எல்லாருக்கும் சந்தோஷம்.

பரிசளிப்பு மறு வாரம் நடந்தது. நடுவர்களில் ஒருவர் மராத்தி நாடக உலகத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். தமிழில் ஒரு எழுத்து தெரியாது. மதிப்பாக இருக்கட்டும் என்று கமிட்டி அவரை அழைத்து வந்திருந்தது. அவர் மைக்கைப் பிடித்து ஹிந்தியில் பேசினார்.

"இந்தப் போட்டியில் நான் பார்த்த மிகச் சிறந்த பெண் ஒரு ஆண். தாராவிக் குழுவின் நாடகத்தில் தாயாக நடித்தவர். ஒரு சொல்லும் எனக்குப் புரியவில்லை. ஆனாலும் அழுதேன். கோப்பை அவருக்குத்தான் என்று எழுதிக் கொடுத்தேன். அது பெண்ணுக்கு மட்டும்தான் என்று இப்போது சொல்கிறார்கள். சரி, உங்கள் வீட்டுக் கல்யாணம், நான் என்ன சொல்ல?"

சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார். அடுத்த நிமிஷம் என் பெயரைக் கூப்பிட்டார்கள். பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்று இருந்தது. கால் தானாக நடந்து மேடைக்குப் போயிற்று. செம்பூர் அம்மாள் என்னைக் கட்டிக்கொண்டு கண்ணீர் விட்டாள். கோப்பையைக் கையில் திணித்தாள். நான் சிரித்தேன் வேறு. சிரித்ததுதான் இன்றைக்கும் ஆறவில்லை.

இறங்கி வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். எங்களுக்குப் பின் வரிசையில் தாராவிக் குழு. அவர்களுடைய தலைவர், தோல் கிடங்கில் மேஸ்திரியாக இருந்தவர், சத்தமாகவே சொன்னார்: "போச்சு. இனிமே இவன் அண்ணன் இவனை விடமாட்டாரு."

என் கணவர் திரும்பி, என்ன விஷயம் என்று கேட்டார். மேஸ்திரி மறைக்காமல் சொன்னார். தாயாக நடித்த பையனுக்கு முப்பது வயது இருக்கும். தாராவியில் அவனுடைய அண்ணன் மளிகைக் கடை வைத்திருக்கிறார். இவன் அதில்தான் நிற்கிறான். பெண் வேஷத்துக்காக வருஷா வருஷம் மீசையை எடுப்பான். அப்பன் செத்தால்தான் மீசையை எடுப்போம் என்கிற ஆட்கள் அவர்கள். இப்போது அண்ணன் மகளுக்குத் திருநெல்வேலிப் பக்கம் சம்பந்தம் பேசுகிறார்கள். பெண்ணின் சித்தப்பன் சேலை கட்டி ஆடுகிறானாமே என்று மாப்பிள்ளை வீட்டில் யாரோ கேட்டுவிட்டார்கள்.

"அண்ணாச்சி ஒரே முடிவாச் சொல்லிட்டாரு சார். 'கப்பு வாங்கிட்டு வா, ஊரு வாய நான் அடைக்கேன். எல்லார் முன்னாலயும் மாலயே போடுதேன். வாங்கலன்னா இதோட சரி, அப்புறம் நாடகம்னு வாயத் தொறக்கக் கூடாது'ன்னு. இவனும் சரின்னுட்டான். எப்படியும் கெடைக்கும்னு நம்பித்தான் சொன்னான்."

அந்தப் பையன் வரிசையின் கடைசியில் இருந்தான். நான் பார்த்ததும் எழுந்து கைகூப்பினான். "உங்க நாடகத்துக்கு வந்திருந்தேன்க்கா. மொதத் தடவ மேடையேறி, அந்த மட்டுக்கும் அழாம நின்னிய பாத்தியளா, அதுவே பெருசு" என்றான். கோப்பையை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் முந்தானையைப் போட்டு மூடிக்கொண்டேன்.

அப்புறம் மாதுங்காவில் பேச்சுக்குக் கேட்க வேண்டுமா! கறிகாய் மார்க்கெட்டில் இதே பேச்சு, காபி ஹோட்டலில் இதே பேச்சு. காலை லோகலில் லேடீஸ் கம்பார்ட்மென்ட் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. "ஆம்பிளைக்கு எப்படிடி நடிகை கப்பு கொடுக்க முடியும்? நாளைக்கு ஆண்பிள்ளைக்குப் பிள்ளைப்பேறு லீவும் கொடுப்பாளா?" என்று ஒருத்தி. "அதுக்காக வசனத்தை முழுங்கினவளுக்குக் கொடுக்கறதா?" என்று இன்னொருத்தி. நான் அங்கேதான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். "உன்னைச் சொல்லலைடி, பொதுவாச் சொன்னேன்" என்று எனக்குச் சமாதானம் வேறு. தமிழ் தெரியாதவன் தீர்ப்பு ஒரு தீர்ப்பா என்று சிலர். தமிழ் தெரிந்த நம்மவர்களுக்கு ஏன் கண் தெரியவில்லை என்று சிலர். அந்தப் பையன் தாயாக எப்படி அழுதான், எப்படி நின்றான் என்று காபி ஹோட்டலில் ஒருவர் அரை மணி நேரம் விளக்கினாராம். என் கணவர் வந்து சொன்னார்.

எனக்கு எரிச்சலான எரிச்சல். ஒரு பெண் மேடையேறினால் முற்போக்கு. ஒரு ஆண் பெண்ணாக நடித்தால், அதே ஜனங்களுக்கு நேற்று வரை கலை, இன்றைக்குப் பட்டிக்காட்டுத்தனம். என்னை மேலே தூக்கிவிட அவனைக் கீழே இறக்கினார்கள். நான் மேடையேறாமல் இருந்திருந்தால் கோப்பைக்குப் பழைய பெயரே இருந்திருக்கும், அவன் அதைத் தட்டிக்கொண்டு போயிருப்பான். இந்தக் கணக்கை எப்படிப் போட்டாலும் குற்றவாளி நான்தான் என்று வந்தது. சாதம் இறங்கவில்லை. கோப்பையைப் பார்க்கப் பிடிக்காமல் அரிசி டின்னுக்குப் பின்னால் தள்ளிவைத்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் கணவரிடம் சொன்னேன்: "ஏன்னா, நான் இதைத் திருப்பிக் கொடுத்துடறேன்."

"பைத்தியமா உனக்கு? நாம கேட்டோமா? கொடுத்தா, வாங்கிண்டோம். திருடிண்டா வந்தோம்?"

"திருடிண்டு வந்திருந்தாக்கூட இவ்வளவு உறுத்தாது."

பாங்க் ஆபீசரிடமும் போய்க் கேட்டோம். அவர் பதறிவிட்டார். செம்பூர் அம்மாள் மனசு புண்படும், அடுத்த வருஷம் ஒரு பெண்ணும் மேடையேற மாட்டாள், குழுவுக்கு அவமானம் என்று அடுக்கினார். கடைசியில், "ஜானே தோம்மா, விட்டுத்தள்ளு, நாலு நாள் பேசுவா, அப்புறம் மறந்துடுவா" என்றார்.

எனக்குப் பிடிவாதம் வந்தால் வந்ததுதான். கமிட்டி வாங்கிக்கொள்ளாவிட்டால் போகிறது, உரியவன் கையிலேயே கொடுத்துவிடுவது என்று தீர்மானம் செய்தேன். அவன் அண்ணனுக்கு முன்னால், என் வாயாலேயே, இது உங்கள் தம்பிக்கு வர வேண்டியது என்று சொல்லிவிட்டால் அவன் பிழைத்துக்கொள்வான். நாடகமும் தப்பும். இதைவிட நியாயமாக ஒருத்தி என்ன செய்ய முடியும்? தாராவிக்கு இறங்க வேண்டிய சயான் வரும் வரைக்கும் ரயிலில் அந்த வசனத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். கணவர் கோப்பை இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு உம்மென்று உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கடையில் நல்ல கூட்டம். தம்பி துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தான். அண்ணாச்சி எங்களைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். யார் என்று சொன்னதும் இன்னும் மரியாதை. "வாங்கம்மா, வாங்க சார். எலேய், ரெண்டு கலரு ஒடச்சுக் கொண்டா."

சோடா வரும் வரைக்கும்கூட நான் பொறுக்கவில்லை. எழுந்து நின்றேன். மாதுங்கா மேடையில் வராத குரல் தாராவியில் கணீரென்று வந்தது. ஒரு வார்த்தை தப்பவில்லை.

"அண்ணாச்சி, உங்க தம்பிக்குப் பெரிய அநியாயம் நடந்துடுத்து. நான் பொம்மனாட்டி. என்னைவிட அவர்தான் நல்ல பொம்மனாட்டியா நடிச்சார். ஊரே சொல்றது. இந்தக் கப்பு அவரோடது."

கோப்பையை எடுத்துக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். எண்ணெய் வாங்க நின்ற ஒருவன் குனிந்து, அதில் பொறித்திருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தான்: "சிறந்த... நடிகை."

கடையே சிரித்தது. "அப்ப இனிமே இவன அண்ணங்கவா, அக்காங்கவா?" என்று பின்னால் இருந்து ஒருவன் கேட்டான். "மாதுங்கா மாமியே வந்து சர்டிபிகேட் கொடுத்துட்டாங்கல்லா!" என்று இன்னொருவன். தம்பி தலை நிமிரவில்லை. தட்டிலிருந்து சிந்திய பருப்பை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தான். மேலுதட்டில் மீசை அரும்ப ஆரம்பித்திருந்தது. முகம் சிவந்து கிடந்தது.

அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. கோப்பையை எடுத்து, துண்டால் துடைத்து, எங்கள் பைக்குள் தானே வைத்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"கோவிச்சுக்கிடாதியம்மா. நல்ல மனசோட வந்திருக்கிய, எனக்குத் தெரியுது. பரிசு வரலன்னதும் இவன் சோறு தண்ணி எறங்காம கெடந்தான். எனக்கும் பொறுக்கல. சரி, இன்னும் ஒரு வருசம் போட்டும்னு சொல்லிருவோமான்னுதான் ரெண்டு நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன். இது எனக்கும் அவனுக்கும் உள்ள விசயமா இருந்துச்சு. இப்ப நடுக்கடையில வச்சு, இவன் பொம்பளய விடப் பொம்பளன்னு ஒரு பொம்பளையே சொல்லியாச்சு. சாயங்காலத்துக்குள்ள தாராவி பூரா தெரியும். காயிதம் போற வேகத்துல ஊருல மாப்ள வீட்டுக்கும் போயிரும். இனி நான் எப்படிம்மா விடுவேன்?"

கணவர் என் முழங்கையைப் பிடித்துக் கிளப்பினார். கலர் சோடாவை யாரும் குடிக்கவில்லை. "எலேய், இவுகளை ரோடு வரைக்கும் விட்டுட்டு வா" என்றார் அண்ணாச்சி.

அவன் எங்களுக்கு முன்னால் நடந்தான். சந்தெல்லாம் சாக்கடை, பார்த்து வாங்க என்று கையைக் காட்டிக்கொண்டே வந்தான். கோபத்தைக் காட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். மன்னித்துக்கொள்ளப்பா என்று நான் சொன்னதற்கு, "விடுங்கக்கா" என்றான். மெயின் ரோட்டுக்கு வந்ததும் நின்றான். தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா? நான் நடிச்சதுல எந்த எடம் உங்களுக்குப் பிடிச்சுது?"

அவன் முகத்தில் அப்போது ஒரு வெளிச்சம் வந்தது. அந்த நாடகத்தை நான் பார்க்கவே இல்லை. எங்கள் பக்கத்தில் வழக்கம் அதுதான். அவரவர் நாடகத்துக்கு அவரவர் ஜனங்களைக் கூட்டிக்கொண்டு வருவோம். நம்முடையது முடிந்தால் போட்டியே முடிந்த மாதிரி. புதன்கிழமை தாராவிக்காரர்கள் நாடகம் போட்டபோது நான் வீட்டில் தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தேன்.

"நான் பாக்கலைப்பா" என்றேன்.

"சாரு?"

கணவர் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப ஊரே சொல்லுதுன்னு சொன்னியளே?" என்றான். என்னை மடக்கக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டான். அப்புறம் அவனே சொன்னான்: "அன்னைக்கு மாதுங்கா ஆளுக ஒருத்தரும் வரலக்கா. முன்னால நாற்காலி பூரா காலி. அந்த மராட்டிக்கார சார் மட்டும்தான் கடைசி வரைக்கும் உக்காந்திருந்தாரு. அவரைப் பாத்தேதான் நடிச்சேன்."

காபி ஹோட்டலில் அரை மணி நேரம் விளக்கியவர், லோகலில் இரண்டு கட்சியாகப் பிரிந்தவர்கள், அரிசி டின்னுக்குப் பின்னால் கோப்பையை ஒளித்துவைத்துச் சாப்பிடாமல் கிடந்த நான், எல்லாரும் சேர்ந்து பார்க்காத ஒன்றுக்குத் தீர்ப்புச் சொல்லியிருந்தோம். வெட்கத்தில் நான் சொன்னேன்:

"இப்ப ஒரு தடவை காமியேன்ப்பா. ஒரே ஒரு இடம். நான் பாக்கறேன்."

அவன் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தான். லேசாகச் சிரித்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து முந்தானை மாதிரி இழுத்துவிட்டுக்கொண்டு, கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தான். அவ்வளவுதான் செய்தான். எனக்கு எதிரில் பிள்ளையைத் தொலைத்த ஒருத்தி நின்றாள். என் கண் நிறைந்துவிட்டது.

அதற்குள் சைக்கிளில் போன ஒருவன், கடையில் நின்று சிரித்தவர்களில் ஒருவன், மணியை அடித்துக்கொண்டே கத்தினான்: "என்ன அக்கா, நடுரோட்டுலயே ஒத்திகையா?"

கை அப்படியே இறங்கியது. துண்டை மடித்து மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டான். மேலுதட்டைப் புறங்கையால் துடைத்தான்.

"வேண்டாம்க்கா. ஆளு பாக்காங்க" என்றான். "கடையில கூட்டம் நிக்கும். நான் போறேன்."

திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். அவன் நடித்ததைக் கடைசியாகப் பார்த்தவள் நான்தான். அதற்குப் பிறகு அவன் மேடை ஏறவே இல்லை என்று மேஸ்திரி சொல்லித் தெரிந்துகொண்டேன்.